ஏழாவது பத்தி

குணசுந்தரியின் தகப்பன் அப்பாவு இறந்து பத்து மாதம் ஆன பிறகுதான் ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை எடுக்க ஒரு நாள் அமைந்தது. குணசுந்தரி சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டாள். காக்களூர் எஸ்டேட்டில், கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே அரைநாள் லீவுக்கும் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த இ-சேவை மையத்தில் ஆவணி வெயில் தகரக் கூரையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பதினோரு பேருக்குப் பிறகு அவள் முறை வந்தது.

"அப்பா பேரு எடுத்துடலாங்கா. டெத் சர்டிபிகேட் கீதுல்ல?" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். "உங்கள அம்மா கார்டுல சேக்கணும்னா, ஊட்டுக்காரரு கார்டுலருந்து மொதல்ல நீக்கணும். அந்தக் கார்டு நம்பரு சொல்லுங்க."

குணசுந்தரி சொன்னாள். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு குணசுந்தரியைப் பார்த்தாள்.

"உங்க பேரு இதுல இல்லியேக்கா. எடுத்து ரெண்டு மாசம் ஆவுது."

"யாரு எடுத்தது?"

"கார்டுக்காரருதான். டிவோர்ஸ் ஆர்டர் அப்லோடு பண்ணிக்கிறாரு."

"யாருக்கு டிவோர்ஸு?"

அந்தப் பெண் திரையைக் கொஞ்சம் இவள் பக்கம் திருப்பினாள். குடும்பத் தலைவர், அன்புசெல்வன். அதற்குக் கீழே நர்மதா. உறவு முறை, மனைவி.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குணசுந்தரி அதை அப்படியே பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னாள். அப்பா பெயரை எடுக்கும் வேலையையும் முடித்துக்கொண்டாள். இரண்டு மணிக்குக் கம்பெனிக்குத் திரும்பி, ஒயர் முனையில் பித்தளைக் கொக்கி வைத்து மிஷினில் அழுத்தும் வேலையை ஆறு மணி வரைக்கும் செய்தாள். அன்றைக்கு அவள் கை ஒரு முனையைக்கூடத் தப்பவிடவில்லை.

அன்புசெல்வனுக்கும் அவளுக்கும் சண்டை என்று பெரிதாக எதுவும் நடந்ததில்லை. கல்யாணமாகி வள்ளூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அனல்மின் நிலையத்தில் அவனுக்கு காண்ட்ராக்ட் வேலை. வாசலில் காயப்போட்ட துணியில் சாம்பல் படியும். தினமும் சாயங்காலம் துணியை உதறித்தான் மடிக்க வேண்டும். இரண்டு தடவை அவளுக்குக் கரு கலைந்தது. இரண்டாவது தடவை உடம்பு ரொம்பத் தளர்ந்துபோனபோது அவன்தான் சொன்னான். "உங்கம்மா ஊட்ல போய் கொஞ்ச நாளு இரு. எனக்கு கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லுல வேல கெடைக்கப்போவுது. ஊடு பாத்துட்டு இட்டுக்கினு போறேன்."

பூண்டி ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்த ஊரில் அப்பாவுக்கு ஒன்றரைக் காணி நெல் நிலம். அவள் போன இரண்டாம் மாதம் அப்பாவுக்கு ஈரல் நோய் என்று தெரிந்தது. நிலத்தில் வருவது மருந்துக்குப் போதாமல் அவள் காக்களூருக்கு வேலைக்குப் போனாள். அன்புசெல்வன் மாதத்துக்கு ஒரு தடவை வந்தான். அவள் அம்மா செண்பகம் மருமகனுக்குக் கோழி அடித்துப் போட்டாள். "ஊடு இன்னும் அமையல" என்று சொல்லிவிட்டுப் போவான். ஐப்பசி அடைமழையில் அப்பாவு செத்தபோது வந்து பாடைக்குத் தோள் கொடுத்து, ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனான். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்து, மருமகனுக்கு உரிய புது வேட்டியைக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் வருவது குறைந்து, போனும் குறைந்தது. ஷிப்ட் மாறிவிட்டது என்றான். அவள் நம்பினாள்.

பொன்னேரியில் வக்கீல் கிறிஸ்டினாவின் ஆபீஸ், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது. கோர்ட்டிலிருந்து கேஸ் கட்டின் நகலை வாங்கி வந்து மேஜைமேல் பிரித்து வைத்துக்கொண்டு பேசினாள்.

"போன வருஷம் ஆடி மாசம் மனு போட்டிருக்கான். உன் அட்ரஸ்னு வள்ளூர் வாடகை வீட்டைக் குடுத்திருக்கான். நீங்க காலி பண்ணிட்டீங்கல்ல அந்த வீட்டை?"

"பண்ணியாச்சி மேடம். அவருதான் சாமான் ஏத்துனாரு."

"அங்க சம்மன் போச்சு. ஆள் இல்லைன்னு கதவுல ஒட்டிட்டு வந்துட்டாங்க. அப்புறம் பேப்பர்ல விளம்பரம். யாரும் வாங்காத பேப்பரா பாத்துப் போட்டிருக்கான். நீ வரல. எக்ஸ்பார்ட்டி. ஒருதலையாத் தீர்ப்பு வாங்கிட்டான். அப்பீல் டைம் தொண்ணூறு நாள். தொண்ணூத்தி ஏழாவது நாள் கல்யாணம்."

"நெசமாவே எனக்கு டிவோர்ஸ் ஆயிட்ச்சா?"

"இன்னிக்கு இந்த நிமிஷம் வரைக்கும் ஆயிடுச்சு. ஆனா ரத்து பண்ணலாம். உனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்து முப்பது நாளுக்குள்ள மனு போடணும். எப்பத் தெரிஞ்சுது?"

குணசுந்தரி தேதி போட்ட அந்தப் பிரிண்டை எடுத்து வைத்தாள்.

"பேப்பர் விளம்பரம் எப்ப வந்துச்சி மேடம்?"

கிறிஸ்டினா புரட்டிப் பார்த்துத் தேதியைச் சொன்னாள். குணசுந்தரி விரல்விட்டு எண்ணினாள்.

"எங்க நைனா செத்த நாலாம் நாளு. அன்னிக்கி அவரு எங்க ஊட்லதான் இருந்தாரு. எங்கம்மா கையால சோறு வாங்கித் துன்னாரு." அவளுக்குக் குரல் மாறவில்லை. "எங்க நைனா பாடைய தூக்குனான் மேடம். அப்பவே என்ன வெட்டிப்போட்டுட்டுதான் தூக்கிக்கிறான்."

அந்த இடத்தில்தான் அவனை 'அவரு' என்பது நின்றுபோனது.

"காரியப் பத்திரிகை இருக்கா? போட்டோ?"

"ரெண்டும் கீது. பத்திரிகைல மருமவன்னு அவன் பேரு போட்டுக்கீது."

"அது போதும். நீ இருக்கிற இடம் தெரியாதுன்னு சத்தியம் பண்ணின ஆளு, உங்க வீட்ல பந்தியில உக்காந்திருக்கான்." கிறிஸ்டினா கட்டின் நடுவில் விரலை வைத்தாள். "இதை நீ படிச்சிடணும். ஏழாவது பத்தி. கோவப்படாம படி."

'எதிர்மனுதாரர் தான் பணிபுரியும் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவருடன் தகாத உறவு கொண்டு, மனுதாரரை விட்டு விலகி, ஒழுக்கக்கேடான வாழ்க்கை வாழ்ந்து வருகிறார்.'

"பேரு போட்டா அந்த ஆளையும் கேஸ்ல சேக்கணும். அதான் பேரு இல்லாம எழுதியிருக்காங்க. நீ வந்து மறுக்காததால தீர்ப்புல இது நிரூபணம் ஆச்சுன்னு இருக்கு."

குணசுந்தரி இரண்டு தடவை படித்தாள். சிரித்தாள். கிறிஸ்டினா நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், எங்க கம்பெனில ஒரே ஃப்ளோருதான். எல்லாம் பொம்பளைங்க. சூப்பர்வைசரு பிரின்சி அக்கா. பஸ்ஸ வுட்டுட்டா அவங்க ஸ்கூட்டில ஏத்திக்கினு வந்து ஸ்டாண்டுல வுடுவாங்க. ஒரு தபா இவன் போன்ல, ஏன் லேட்டுன்னு கேட்டான். சூப்பர்வைசரு வண்டில வந்தேன்னேன். அது ஆணா பொண்ணான்னு கூட கேக்கல."

கிறிஸ்டினா பேனாவை மூடி வைத்தாள். மெதுவாக அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது.

"இதை யாருக்காவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. உங்கம்மாவுக்குக் கூட சொல்லாத. தீர்ப்பு ரத்தானா கேஸ் மொதல்ல இருந்து நடக்கும். அப்ப அவன் கூண்டுல ஏறி இந்தப் பத்தியை நிரூபிக்கணும். அது வரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா திருத்திடுவான்."

"அவன் கேஸே வோணாம்னு வாபஸ் வாங்கிட்டா?"

"வாங்கினா நீ அவன் பொண்டாட்டி. அந்தப் பொண்ணோட பண்ணின கல்யாணம் நிக்காது. நடத்தினா பொய்யை நிரூபிக்கணும். ரெண்டு பக்கமும் அவனுக்கு வழி இல்ல."

"அவன உள்ள தள்ள முடியுமா?"

"அதுல ஆசை வைக்காத. கல்யாணம் பண்ணின அன்னிக்கு அவன் கையில கோர்ட் தீர்ப்பு இருந்துச்சு. இருதாரக் கேஸ் நிக்கிறது கஷ்டம்."

"அவளுக்குக் கொழந்த பொறந்தா?"

"குழந்தைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. அப்பன் பேரும் உண்டு, பங்கும் உண்டு. அவளுக்குத்தான் பொண்டாட்டிங்கிற பேரு இருக்காது."

குணசுந்தரி மாடிப்படி இறங்கும்போது, மருந்துக் கடை வாசலில் நின்று பன்னீர் சோடா ஒன்று வாங்கிக் குடித்தாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தாகம் எடுத்திருந்தது.

தீர்ப்பை ரத்து செய்யும் மனு பங்குனியில் முடிந்தது. மனிதாபிமானத்தில்தான் சாவுக்குப் போனான் என்று அவனுடைய வக்கீல் வாதாடினார். போட்டோவில் அவன் நனைந்த வேட்டியோடு பாடையின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தான். "மனிதாபிமானம் இருக்கட்டும். எந்த ஊருக்குப் போறோம்னு தெரிஞ்சுதானே போயிருக்கார்" என்று மட்டும் நீதிபதி கேட்டார். குணசுந்தரி மறுபடியும் அன்புசெல்வனின் மனைவி ஆனாள்.

சித்திரையில் நவரைப் பட்டத்து நெல் அறுப்பு. மிஷின் வைத்து ஒரே காலையில் அறுத்து முடித்தார்கள். களம் இல்லாத ஊர் என்பதால் நெல்லைத் தார்ச்சாலையில் ஒரு பக்கமாகப் பரப்பிக் காயவைத்தார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல் வைத்து, வண்டி ஏறாமல் மறித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் மகளும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறியபடி நடந்தார்கள். காலடியில் தார் கொதித்தது.

ஷேர் ஆட்டோ ஒன்று நின்று, ஒரு பெண் இறங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் நைலெக்ஸ் புடவை. ஆறு மாத வயிறு. கல்லைத் தாண்டி நெல்லின் ஓரமாக வந்து நின்றாள்.

"குணசுந்தரி அக்கா நீங்கதானா?"

"ஆமா."

"நான் நர்மதா."

செண்பகம் கிளறுவதை நிறுத்தினாள். குணசுந்தரி நிறுத்தவில்லை. அந்தக் கோட்டின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"இன்னா வோணும்?"

"பேசணும்கா."

"வெயில்ல நிக்காத. வயித்துப்புள்ளக்காரி," என்றாள் செண்பகம். புங்கமரத்தடியில் கோணியைப் போட்டு உட்காரவைத்தாள். தூக்குவாளியிலிருந்து கேழ்வரகுக் கூழைக் கரைத்து ஊற்றி, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கையும் வைத்தாள். நர்மதா முதலில் வேண்டாம் என்றாள். பிறகு மளமளவென்று குடித்தாள். குணசுந்தரி நின்றபடி அந்த வயிற்றையே பார்த்தாள். அவளுடையது இரண்டும் இந்த அளவுக்கு வந்ததில்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. சத்தியமா. மொத சம்சாரம் வுட்டுட்டுப் பூட்டா, கோர்ட்டுல தீர்ப்பு ஆயிட்ச்சின்னு சொன்னாரு. எங்கப்பாவ நம்பவெக்க இந்தக் காயிதத்த காட்னாரு." பையிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்தாள். மடிப்பு விழுந்து ஓரம் பிய்ந்திருந்தது. "கோர்ட்டே எழுதிக்கீதேன்னு நம்புனோம்."

"இன்னா எழுதிக்கீது?"

நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"படி. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவங்களும் கேக்கட்டும். ஏழாவது பத்தி."

"வோணாங்க்கா."

"எங்க நெல்லுகிட்ட வந்து, எங்க கூழ குடிச்சிக்கினு வோணாம்ன்னா எப்டி? படி."

நர்மதா படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் போல மெதுவாகப் படித்தாள். ஒழுக்கக்கேடான என்ற இடத்தில் குரல் உள்ளே போனது. ரோட்டில் ஒரு புறாக்கூட்டம் நெல்மேல் இறங்கியது. வழக்கமாகக் கையைத் தட்டி விரட்டும் செண்பகம் அசையவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். பிரின்சி என்ற பெயரைச் சொன்னால் போதும். அது குணசுந்தரியின் நாக்கு வரைக்கும் வந்தது. இவளிடம் சொன்னால் இன்றைக்கே அவன் காதுக்குப் போகும். அம்மாவிடம் சொன்னால் நாளைக்கு நடவுக்கு வருகிற பொம்பளைகளிடம் போகும். அவள் புறாக்களை விரட்டிவிட்டு வந்தாள்.

"இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"ரெண்டு பேரும் சேந்து டிவோர்ஸு கேட்டா சீக்கிரம் குடுத்துடுவாங்களாமே. ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா, கொழந்த பொறக்கறதுக்குள்ள மொறப்படி..."

"உன் கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. நான் வக்கீலாண்ட கேட்டுட்டேன். அதுக்கு அப்பன் பேரு வரும். உனக்குத்தான் வராது."

"நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்?"

"தெரியல. நான் இன்னா பண்ணேன்னு எனக்கும் தெரியல. அவன கேளு."

"அவரு அழுவுறாருக்கா."

"அழுவட்டும். எங்க நைனா பொணத்தாண்ட கூட அழுதான்."

நர்மதா செண்பகத்தின் பக்கம் திரும்பினாள். "பெரிம்மா, நீங்களாவது சொல்லுங்க."

அதுவரைக்கும் வாரம் ஒரு தடவையாவது, 'போவட்டும் வுடுடி, அறுத்துக்கினு வந்து நிம்மதியா இரு' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் செண்பகம். இப்போது கூழ்ப் பாத்திரத்தை எடுத்துக் கழுவி ஊற்றினாள். "இப்டி எழுதுனவனுக்கு இவ ஏன் கையெழுத்து போடணும்? நீ எழுந்து போம்மா. ஆட்டோ திரும்பி வர்ற நேரம்," என்றாள்.

ஆட்டோ போன பிறகு இருவரும் நெல்லைக் குவித்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடும்போது செண்பகம் கேட்டாள்.

"குணா. அதுல எழுதிக்கிறது..."

"இன்னா?"

"நெசமில்லதான?"

"உனக்கு இன்னா தோணுது?"

செண்பகம் பாயின் மேல் கல்லை எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கேஸ் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. நடுவில் சமரசத்துக்கு உட்காரவைத்தார்கள். நகையைத் திருப்பித் தருகிறேன், மொத்தமாக ஒரு தொகை தருகிறேன் என்றான். அவள் எதற்கும் தலையாட்டவில்லை. "கேஸு நடக்கட்டும்" என்ற இரண்டு வார்த்தையோடு எழுந்து வந்துவிட்டாள். மறு வருஷம் ஐப்பசி வரைக்கும் பதினேழு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருவள்ளூரிலிருந்து பஸ் பிடித்து, பெரியபாளையத்தில் மாறி, பொன்னேரிக்குப் போனாள். சம்பளம் வெட்டு விழுந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. நர்மதாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டாள்.

அன்புசெல்வன் கூண்டில் ஏறிய நாளில் கதவைச் சாத்திவிட்டுத்தான் விசாரித்தார்கள். புருஷன் பெண்டாட்டி வழக்கை அப்படித்தான் விசாரிப்பார்கள் என்று கிறிஸ்டினா முதலிலேயே சொல்லியிருந்தாள். "கதவ சாத்திட்டா யாருக்கு கேக்கும் மேடம்?" என்று குணசுந்தரி அப்போது ஏமாற்றத்தோடு கேட்டாள். "எழுதுவாங்கல்ல. எழுதினதுக்குக் கதவு கிடையாது," என்றாள் கிறிஸ்டினா.

"மனைவி வேலை செய்யற கம்பெனிக்குப் போயிருக்கீங்களா?" என்று கிறிஸ்டினா குறுக்கு விசாரணையை ஆரம்பித்தாள்.

"வாசல் வரைக்கும் போயிருக்கேன்."

"மேற்பார்வையாளரை நேர்ல பாத்திருக்கீங்களா? இல்ல, யாராவது சொன்னாங்களா?"

அவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேர்ல பாத்தேன். ரெண்டு பேரும் ஒரே வண்டில போனாங்க."

"வண்டியை ஓட்டினது?"

"அவன்தான்."

"எந்த நேரம்?"

"சாயங்காலம். வெளிச்சம் இருந்துச்சி."

"அப்ப முகம் நல்லாத் தெரிஞ்சிருக்கும். ஆள் எப்படி இருந்தார்?"

"கறுப்பா. ஒயரமா. மீச வெச்சிக்கினு."

கிறிஸ்டினா அவசரப்படவில்லை. "மீசை வைத்திருந்தார். அதையும் பதிவு செய்யணும்," என்றாள். தட்டச்சு செய்கிற சத்தம் நிற்கும்வரை காத்திருந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த குணசுந்தரி, அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வாய்தாவும் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வாயில் எச்சில் ஊறியது.

"அந்த ஆளைத் திரும்பப் பாத்தா அடையாளம் சொல்வீங்களா?"

"சொல்வேன்."

அடுத்த வாய்தாவில் பிரின்சி வந்தாள். ஐந்தடிக்கும் குறைவான உயரம், முன்பக்கம் நரைத்த முடி, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பைபிள்மேல் கை வைத்து, உண்மையைச் சொல்வதாகச் சொன்னாள்.

"பத்து வருசமா அந்த ஃப்ளோருக்கு நான்தாங்க சூப்பர்வைசர். எங்க கம்பெனில வேற சூப்பர்வைசர் கெடையாது. குணாவ என் ஸ்கூட்டில நாலஞ்சு தபா ஏத்திக்கினு வந்துகிறேன்."

கம்பெனி லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த சான்றிதழையும் கொடுத்தாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, அன்புசெல்வனை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அவனுக்கு முதலில் புரியவில்லை. வக்கீலின் காதருகே குனிந்து கேட்டான். பிறகு அவன் காது மடல் சிவந்து கருத்ததை, நான்கு நாற்காலி தள்ளி இருந்த குணசுந்தரி பார்த்தாள்.

தீர்ப்பு நாளில் மழை பிடித்துக்கொண்டது. நானும் வருகிறேன் என்று செண்பகம் பிடிவாதமாகக் கிளம்பி வந்திருந்தாள். கோர்ட் வராந்தாவில் ஈரக் குடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். மனு தள்ளுபடி என்றார்கள். ஏழாவது பத்தியில் சொல்லப்பட்டது முழுப் பொய், கற்பனை, மனைவியை இழிவுபடுத்தும் கொடுமை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது.

குணசுந்தரி வெளியே வந்தபோது, அன்புசெல்வன் இரண்டாவது ஷிப்ட்டுக்குப் போகிற யூனிபார்மில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றிருந்தான். இளைத்திருந்தான்.

"குணா, ஒரு நிமிசம்."

"சொல்லு."

"நர்மதா கொழந்தைய தூக்கிக்கினு அவங்கம்மா ஊட்டுக்குப் பூட்டா. மொறப்படி கல்யாணம் பண்ணி ரிஜிஸ்டர் பண்ணாதான் வருவேன்றா. ரொம்பப் பேஜாரா போச்சி. இப்பவாவது மியூச்சுவலுக்கு வா. உன் காலுல வேணும்னாலும் வுழறேன்."

"மியூச்சுவல்னா இன்னா?"

"ரெண்டு பேரும் சேந்து கேக்கறது."

"போன தபா எத்தினி பேரு சேந்து கேட்டீங்க?"

மழைச் சாரல் அவன் முழங்கால்வரை நனைத்தது. அவன் நகரவில்லை.

"அத நான் எழுதல குணா. வக்கீலு எழுதுனாரு. இப்டி ஒண்ணு எழுதுனாதான் சீக்கிரம் கெடைக்கும்னாரு. நான் கையெழுத்துதான் போட்டேன்."

"மீசையும் வக்கீலா வெச்சாரு?"

அவன் ஹெல்மெட்டின் பட்டையைப் பிடித்து இழுத்தான்.

"வர்றேன்," என்றாள் குணசுந்தரி. "கையெழுத்து போடறேன். எப்பன்னு சொல்லமாட்டேன். அடுத்த மாசமா இருக்கும். உன் பொண்ணு வயசுக்கு வர்ற வருசமா இருக்கும். நீ தெனம் வேலைக்குப் போறப்ப, இன்னிக்கி இவ வருவாளான்னு நெனச்சிக்கினே போ. நான் ரெண்டு வருசம் ஊடு பாத்துட்டு வருவன்னு நெனச்சிக்கினு இருந்தேன்ல, அப்டி."

அவன் மழையில் இறங்கி வண்டியை நோக்கிப் போனான். ஹெல்மெட்டைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தான்.

கிறிஸ்டினா கவுனை மடித்துப் பையில் வைத்தபடி வந்தாள். "கேட்டேன். குணா, அவன் சொன்ன பொய்யே கொடுமைன்னு தீர்ப்புல இருக்கு. அதை வெச்சு நீயே டிவோர்ஸ் போடலாம். ஒரு வருஷத்துல நீ தனி ஆளு. உனக்கு முப்பத்தி நாலு வயசு."

"போட்டா மொதல்ல அவனுக்குத்தான் நல்லது மேடம்."

"உனக்கும்தான்."

"எனக்கு இன்னா அவசரம்?"

கிறிஸ்டினா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நான் கேஸ்தான் நடத்த முடியும்," என்றாள். பிறகு செண்பகத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "உங்க பொண்ணு கெட்டிக்காரிம்மா. சூப்பர்வைசர் ஒரு பொம்பளைன்னு மொத நாளே தெரியும். ரெண்டு வருஷமா வாயைத் தொறக்கலயே."

செண்பகம் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. குணசுந்தரி கோர்ட் வாசலில் வாங்கிய சூடான மசால்வடையைப் பிரித்து அம்மாவிடம் நீட்டினாள். செண்பகம் வாங்கவில்லை.

"அந்தப் பொண்ணு வந்து மரத்தடில உக்காந்து படிச்சாளே. அன்னிக்கி உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"நான் கேட்டேனே."

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க."

"நான் யாரோவா?"

"அப்டி இல்லம்மா. அவனுக்குத் தெரிஞ்சிட்டா..."

"ஒன்றர வருசம்," என்றாள் செண்பகம். குரலை உயர்த்தவில்லை. "களையெடுக்கறப்ப எவளாவது சிரிச்சா, உன்னப் பத்திதான் சிரிக்கிறாளுங்கன்னு நெனச்சேன். நீ லேட்டா வந்தா, எவன் வண்டில வந்து எறங்கறன்னு கம்பங்கொல்லை மறவுல நின்னு பாத்தேன்டி. நீ குளிக்கப் போறப்ப உன் போன எடுத்துக் காதுல வெச்சி வெச்சிக் கேட்டேன், ஆம்பள கொரலு வருதான்னு. எனக்கு அத தொறக்கக் கூடத் தெரியாது."

"அவன் மூஞ்சி போன போக்க நீ பாக்கலம்மா. பாத்திருந்தா..."

"அவன் மூஞ்சிக்காக என்ன இப்டி ஆக்கி வெச்சிக்கிற."

செண்பகம் குடையோடு எழுந்தாள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

குணசுந்தரிக்கு மீசை என்று அவன் சொன்ன தருணம் மறுபடி நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது. சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் திரும்பினாள். சீட்டில் வடைப் பொட்டலம் எண்ணெய் கசிந்து கிடந்தது.

கண்டக்டர் வந்து நின்றார்.

"பெரியபாளையம் ரெண்டு," என்று முன்னால் கையைக் காட்டினாள். "அம்மாவுக்கும் சேத்து."

"அவங்க அவங்களுக்கு எடுத்துட்டாங்களேம்மா," என்று சொல்லி, ஒரு டிக்கெட்டை மட்டும் கிழித்து நீட்டினார்.